நெளிந்த ரிம் தேறுமா, தேறாதா? தெரியுமா உங்களுக்கு?

சாயர்புரத்திலிருந்து காரில் கிளம்பித் தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு சக்கரமும் எத்தனை சுற்று சுற்றுகிறது தெரியுமா? தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சிறிய காரின் டயர் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, பத்தாயிரம் சுற்றுக்கும் மேல்! 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரே வினாடியில் 14 சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் ரிம்மின் ஒவ்வொரு இடமும் ஒரு தடவை பாரத்தில் அமுங்கி விடுபடுகிறது. அதில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால், ஒரே பயணத்தில் பத்தாயிரம் முறை அதை விரித்துப் பார்க்கிறோம்.

அதனால்தான் பள்ளத்தில் அடிவாங்கிய சக்கரத்தை டயர் கடையில் இறக்கி வைத்து, "அண்ணாச்சி, இது தேறுமா?" என்று கேட்கும் கேள்வி உயிரோடு சம்பந்தப்பட்டது.

இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு வந்த சோதனையும் கொஞ்சமா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வெள்ளம் சாலையை அரித்துக்கொண்டு போனது. தண்ணீர் நிற்கும் சாலையில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. டயரில் காற்றும் குறைவாக இருந்துவிட்டால், பள்ளத்தின் விளிம்பு டயரை நசுக்கி நேராக ரிம்மில் இடிக்கும்.

அந்தக் காலத்து மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இந்தக் கவலை இல்லை. குடம் தனி, ஆரக்கால் தனி, வட்டை தனி, மேலே இரும்புப் பட்டை தனி. ஓர் ஆரக்கால் முறிந்தால் ஆசாரி அதை மட்டும் மாற்றித் தருவார். இன்றைய அலாய் வீலோ பெரும்பாலும் ஒரே வார்ப்பு. மாற்றுவதற்குத் தனித் துண்டே கிடையாது!

சரி, அந்த வார்ப்புக்கு எப்படி அவ்வளவு பலம் வந்தது? இங்கேதான் ஆச்சரியம்! அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் துளி மக்னீசியமும் சேர்த்து வார்க்கிறார்கள். வார்த்த சக்கரத்தை ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் வரை சுடவைத்து, சட்டென்று தண்ணீரில் முக்கி, மறுபடியும் 150 முதல் 180 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் வைக்கிறார்கள். இந்தப் பக்குவத்தில்தான் பலமே இருக்கிறது. நெளிவை எடுக்கிறேன் என்று அதன்மேல் கேஸ் டார்ச்சைப் பிடித்தால் என்ன ஆகும்? சூடுபட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கலைந்துவிடும். நிமிர்ந்த ரிம் பார்க்க அழகாக இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும்.

இன்னும் கேளுங்கள். இரும்பைச் சுடவைத்தால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும்! எவ்வளவு சூடு ஏறிவிட்டது என்பது கைதேர்ந்த மெக்கானிக்கின் கண்ணுக்கும் பிடிபடாது. ஆர்கான் வெல்டிங் அடித்த அலாய் வீலை நான் நம்பவே மாட்டேன் என்பதற்குக் காரணம் இதுதான்.

இரும்பு ரிம் வேறு சாதி. அது உடைவதற்குப் பதில் நெளியும். விளிம்பில் லேசான நெளிவென்றால் சூடு காட்டாமல் அழுத்தி நிமிர்த்திவிடலாம்.

புதிய அலாய் வீல் எப்படிப்பட்ட அடியைத் தாங்கிக் காட்ட வேண்டும் தெரியுமா? ஐஎஸ்ஓ 7141 என்ற சோதனையில் சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பெரும் எடையைப் போடுகிறார்கள். 500 கிலோ பாரம் தாங்கும் சக்கரம் என்றால் விழும் எடை 480 கிலோ! அடி விழுந்த விளிம்பு நெளிந்தாலும் சக்கரம் தேறிவிடும். நடுப்பகுதியில் விரிசல் ஊடுருவினாலோ, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் இறங்கினாலோ தேறாது. அடிபட்ட இடத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு. நம் வண்டிக்கும் அதே கண்ணோடு பாருங்கள்: விளிம்பில் சிராய்ப்பு என்றால் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். விளிம்பில் சிறு நெளிவு என்றால் டார்ச் பிடிக்காமல் நிமிர்த்திப் பார்க்கலாம். ஆரத்தில் விரிசல், வீல் நட்டு உட்காரும் துளை கோணியது, நடு ஓட்டை சேதம் என்றால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். விரிசல் விளிம்பில் இருந்தாலும் நான் மாற்றத்தான் சொல்வேன்.

பெரும்பாலான நெளிவு ரிம்மின் உள்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்பது தெரியுமா? ஆரங்கள் வெளிப்பக்கம் இருப்பதால் உள்விளிம்புக்குத் தாங்கல் குறைவு. வெளியே பளபளப்பு, உள்ளே பள்ளம்! கழற்றிப் பார்க்காமல் தெரியவே தெரியாது.

"பேலன்சிங் பண்ணியும் ஸ்டியரிங் ஆடுதே" என்று புலம்புவோர் உண்டு. 20 கிராம் எடை கூடுதலாக இருந்தாலே 100 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 3 கிலோ விசையாக இழுக்கும், அதுவும் வினாடிக்கு 14 முறை! அதைப் பேலன்சிங் சரிசெய்துவிடும். ஆனால் கோணிய வடிவத்தை அது தொடாது. ஆட்டம் நிற்கவில்லையென்றால், சக்கரத்தை மெஷினில் சுற்றவிட்டு விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க ரயில்வே பட்டறைகளில் அந்நாளில் கையாண்ட வழி ஒன்று: எண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணப்பொடி பூசுவார்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல ஊறி, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும்! இன்றைய சிவப்புச் சாயச் சோதனைக்கும் இதுவே அடிப்படை.

நம் உப்புக்காற்றையும் மறக்காதீர்கள். சிராய்ப்பு வழியே உப்பு புகுந்தால், லாக்கர் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல அரிப்புக் கோடுகள் படரும். டயர் உட்காரும் இடம் அரித்தால் பஞ்சரே இல்லாமல் தினமும் காற்று இறங்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மேலோட்டமான அரிப்பு என்றால் சுத்தம் செய்து சீலன்ட் தடவினாலே சரியாகிவிடும், ரிம்மை மாற்ற வேண்டியதில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், பழைய ரிம்மின் பின்புறம் பாருங்கள். அகலம், விட்டம், ஆஃப்செட் எல்லாம் அங்கே எழுத்தாகப் பதிந்திருக்கும். புதியதிலும் அதே எண்கள் இருக்க வேண்டும்.

விரிசல் விட்ட ரிம்மைச் செகண்ட் ஹேண்ட் என்று யாருக்கும் விற்றுவிடாதீர்கள். அறுக்கச் சொல்லிப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும், அதை உருக்கி மறுபடியும் அலுமினியமாக்க!