வயசு ஏற ஏற புரிதல் கூடுதா, தூரம் கூடுதா?

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியைப் பத்தி. ஒரு வகுப்புல வீல்சேர்ல வர்ற பையனோ, காது கேட்காத பொண்ணோ இருந்தா, மத்த பசங்க அவங்களை எப்படிப் பார்ப்பாங்க? யூகேஜி பசங்களும் ப்ளஸ் டூ பசங்களும் ஒரே மாதிரியா பார்ப்பாங்க?

பொதுவா ரெண்டு பதில் கிடைக்கும். "குழந்தைங்க மனசுல கள்ளம் கிடையாது, வளரும்போதுதான் கெட்டுப்போறாங்க"ன்னு ஒரு கூட்டம். "சின்னப் பசங்களுக்கு விவரம் தெரியாது, வளர்ந்தா புரிஞ்சுப்பாங்க"ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டும் பாதிதான் சரி. எப்படின்னு வயசு வாரியா பார்ப்போம். வயசுக் கணக்கு எல்லாம் தோராயம்தான்.

சின்ன வயசு: கண்ணுக்குத் தெரியறது மட்டும்

மூணு, நாலு வயசுக் குழந்தைக்கு முதலில் தெரிவது கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம்தான். வீல்சேர், ஊன்றுகோல், காதில் இருக்கும் மெஷின். அறிவுசார் குறைபாடு மாதிரி வெளியே தெரியாத விஷயங்கள் பிடிபட இன்னும் சில வருஷம் ஆகும்.

பார்த்ததும் கேட்டுடுவாங்க. பஸ்ல எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, அந்த அண்ணனுக்கு ஏன் கால் இல்லை?" அம்மா உடனே, "ஷ்ஷ், அப்படி எல்லாம் கேட்கக் கூடாது." கேள்வியில கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனா பதிலுக்குப் பதிலா குழந்தைக்கு ஒரு பாடம் கிடைக்குது: இது பேசக் கூடாத விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1932-ல் வெளியான தன் புத்தகத்தில், சின்னக் குழந்தைகள் தப்புக்குத் தண்டனை தானாகவே வந்து சேரும் என்று நம்புவதாக எழுதினார். நம்ம வீட்டுல இதுக்கு உரம் வேற போடுறோம். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திடும்." அப்போ கண்ணு தெரியாதவரைப் பார்த்தா அந்தக் குழந்தை என்ன நினைக்கும்? "போன ஜென்மத்துப் பாவம்"னு சொல்ற பெரியவங்க நிறைய பேர் இதே இடத்துலதான் நிக்கிறாங்க.

எட்டு முதல் பதினொண்ணு வரை: வரிசை போடும் வயசு

சின்னக் குழந்தைகளுக்கு உழைப்பும் திறமையும் ஒண்ணுதான்; நிறைய முயற்சி பண்ணினா அவன் கெட்டிக்காரன். இந்த ரெண்டையும் அவர்கள் தெளிவாகப் பிரித்துப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு வயசு ஆகிவிடும் என்று ஜான் நிக்கல்ஸ் 1978-ல் காட்டினார். அதனாலதான் டிஸ்லெக்ஸியா இருக்கிற பையன் மூணாம் வகுப்புல "சோம்பேறி" ஆயிடறான். அவன் மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு உழைச்சுதான் ஒரு பக்கம் படிக்கிறான்னு கூட இருக்கிறவங்களுக்குத் தெரியாது. டீச்சரும் "கவனம் போதாது"ன்னு சொல்லிட்டா முடிஞ்சது கதை. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 சட்டத்தில் 21. கற்றல் குறைபாடு இந்தப் புதுப் பட்டியலில்தான் இடம்பிடித்தது.

இதே வயசுல ஒப்பிடறதும் ஆரம்பிக்குது. 1961-ல் ஸ்டீபன் ரிச்சர்ட்சன் குழு அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பத்து, பதினொரு வயசுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்து, பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். குறைபாடு இல்லாத குழந்தை முதலிடம். பருமனான குழந்தை கடைசி. இதுல மனசைப் பிசையற விஷயம் என்னன்னா, உடல் குறைபாடு உள்ள பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் அடுக்கினார்கள். தன்னைப் பத்தின ஊரோட கருத்து, அந்த வயசுக்குள்ளயே உள்ள இறங்கிடுது.

டீன் ஏஜ்: மரியாதை இருக்கு, நட்பு இல்லை

பதினஞ்சு வயசுல நிறைய பேர் நேரா கேலி பண்ண மாட்டாங்க. எது பேசலாம், எது பேசக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும். "மாற்றுத்திறனாளி"ன்னு சரியான வார்த்தையைச் சொல்வாங்க. கேள்வித்தாள்ல கேட்டா நல்ல பதில் எழுதுவாங்க.

ஆனா ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குக் கூப்பிடுவாங்களா? மூணாம் வகுப்புல நட்புங்கறது பக்கத்து பெஞ்ச். ஒன்பதாம் வகுப்புல அது சைக்கிள், ரெண்டாவது மாடி டியூஷன், வாட்ஸ்அப் குரூப். யாரும் விலக்கி வைக்கலை, ஆனா கூப்பிடவும் இல்லை. "பாவம், அவனால வர முடியாது"ன்னு அவனைக் கேட்காமலே முடிவு பண்ணிடறாங்க. அந்தப் பையனுக்குக் கேலியைவிட இந்த "பாவம்" வலிக்கும். கேலிக்காவது சண்டை போடலாம்.

அப்போ எதுதான் மாத்தும்?

வயசு புரிஞ்சுக்கற சக்தியைக் கொடுக்கும். பழக்கத்தை அது கொடுக்காது. கார்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது: சும்மா ஒரே இடத்தில் இருந்தால் போதாது. சமமான நிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து வேலை செய்வது, மேலிடத்தின் ஆதரவு, இந்த நாலும் வேண்டும். ஒருத்தன் எப்பவும் பை தூக்கிக் கொடுக்கறவன், இன்னொருத்தன் எப்பவும் நன்றி சொல்றவன்னா அது சமம் இல்லை. ரெண்டு பேரும் ஒரே சயின்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு அடிச்சுக்கணும், அதுதான் சமம்.

டிசம்பர் 3 வந்தா பள்ளிகள்ல கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்றது ஒரு வழக்கம். இந்த மாதிரிப் பயிற்சிகளை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்த 2017 ஆய்வில், இரக்கம் கூடியது. கூடவே பயமும் கையாலாகாத உணர்வும் கூடின. பழகுவது பற்றிய மனநிலை மேம்படவில்லை. யோசிச்சா புரியும். பத்து நிமிஷம் கண்ணைக் கட்டினவனுக்குத் தெரியறது முதல் பத்து நிமிஷத் தடுமாற்றம் மட்டும்தான். இருபது வருஷமா ஸ்க்ரீன் ரீடர் வெச்சு வேலை பார்க்கிறவரோட வாழ்க்கை அது இல்லை.

வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா, அடுத்த தடவை "ஷ்ஷ்" வேண்டாம். "அவருக்கு நடக்க அந்தக் குச்சி உதவுது"ன்னு ஒரு வரி போதும். பத்து வயசுன்னா கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்க, அந்த வயசுல கேட்டுப்பாங்க. நீங்களே காலேஜ்லயோ ஆபீஸ்லயோ இருந்தா, அடுத்த ட்ரிப் ப்ளான் பண்ணும்போது அவரையும் கேளுங்க. வர முடியுமா முடியாதான்னு அவரே சொல்லட்டும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.