தரைக்குக் கீழே ஒரு பாடம், மேலே ஒரு பாடம்

பத்துமலைக் குகையைப் பார்க்காத மலேசியத் தமிழ் மாணவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். அந்தப் பெரிய குகையை உருவாக்கியது தண்ணீர். சற்றே அமிலத்தன்மை கொண்ட மழைநீர், சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பாறைக்குள் குகைகளையும் பிளவுகளையும் உண்டாக்குகிறது. இதே சுண்ணாம்புக்கல் கோலாலம்பூர் நகரின் பல பகுதிகளுக்கு அடியிலும் பரவியிருக்கிறது. பத்துமலைக் குகை நம் கண்ணுக்குத் தெரிகிறது. நகருக்கு அடியில் உள்ள பொந்துகள் தெரிவதில்லை.

இப்படிப்பட்ட நிலத்தில் ரயில் சுரங்கம் தோண்ட நல்ல இயந்திரம் மட்டும் இருந்தால் போதாது. நல்ல திட்ட மேலாண்மையும் வேண்டும். அத்துறையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று 'நிறுவன அறிவு'. ஒரு நிறுவனம் தன் பழைய வேலைகளில் கற்றுச் சேர்த்து வைத்திருப்பது அது. மற்றொன்று 'தொடர்புடைய தரப்பினர்'. திட்டத்தால் நன்மையோ பாதிப்போ அடையக்கூடிய அனைவரையும் அது குறிக்கும். கோலாலம்பூரின் முதல் எம்ஆர்டி தடத்தில் இந்த இரண்டையும் பார்க்கலாம்.

ஸ்மார்ட் சுரங்கம் தந்த அனுபவம்

2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தின் நீளம் 9.7 கிலோமீட்டர். கனமழையின்போது வெள்ளநீர் நகர மையத்துக்குள் புகாமல் திருப்பிவிடுவது அதன் வேலை. மற்ற நாள்களில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடுகின்றன. 13 மீட்டருக்கும் அதிக விட்டம் கொண்ட இரண்டு இயந்திரங்கள் அதைத் தோண்டின. அவற்றின் முகப்பில், பெண்டோனைட் என்னும் களிமண் கலந்த குழம்பு அழுத்தத்துடன் நிற்கும். எதிரே உள்ள மண் சரியாமல் தாங்குவது அந்த அழுத்தம்தான்.

சுண்ணாம்புக்கல்லில் இங்கேதான் சிக்கல். இயந்திரம் ஒரு பொந்தைத் தொட்டதும் குழம்பு அதற்குள் ஓடிவிடும். அழுத்தம் சட்டென்று குறையும். பிடிமானம் இழந்த மண் கீழே இறங்க, மேலே தரை உள்வாங்கும். ஸ்மார்ட் பணியின்போது இப்படிப் பல இடங்களில் குழி விழுந்தது.

அந்தச் சுரங்கத்தை அமைத்த எம்எம்சி, கமுடா நிறுவனங்களின் கூட்டணியே எம்ஆர்டி முதல் தடத்தின் 9.5 கிலோமீட்டர் நிலத்தடிப் பகுதியையும் அமைத்தது. இம்முறை பாதை, நெரிசலான நகர மையத்தின் அடியில் சென்றது. பழைய அனுபவத்தை முன்வைத்து, ஜெர்மனியின் ஹெரன்க்னெக்ட் நிறுவனத்துடன் சேர்ந்து அது புதுவகை இயந்திரம் ஒன்றை உருவாக்கியது. இதில் குழம்பின் அடர்த்தியை இடத்துக்கு ஏற்ப மாற்றலாம். சல்லடையில் தண்ணீரை ஊற்றினால் உடனே ஒழுகிவிடும். கெட்டியான தோசை மாவு அவ்வளவு எளிதில் ஒழுகாது அல்லவா? அதே தத்துவம்தான். உலகிலேயே முதன்முதலாக இவ்வகை இயந்திரம் இறங்கியது கோலாலம்பூர் மண்ணில்தான்.

அனுபவம் எங்கே இருக்கிறது? எங்கே குழி விழுந்தது, அப்போது அழுத்தம் எவ்வளவு என்பவை அறிக்கைகளில் இருக்கும். ஆனால் அளவுமானியின் முள் லேசாக ஆடியதுமே 'ஏதோ சரியில்லை' என்று உணரும் ஓட்டுநரின் திறமையை எழுதி வைப்பது கடினம். அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடும். அதனால்தான் சுரங்கப் பணிக்கென்றே ஒரு பயிற்சிக் கழகம் இங்கே தொடங்கப்பட்டது. முதல் தடத்தின் அனுபவம், 13.5 கிலோமீட்டர் நிலத்தடிப் பகுதி கொண்ட புத்ராஜெயா தடத்திலும் கைகொடுத்தது.

கடைக்காரர்களின் குரல்

2011ஆம் ஆண்டு வேறொரு சிக்கல் எழுந்தது. முதல் தடத்தின் பாதை, பெட்டாலிங் ஸ்திரீட் அருகே ஜாலான் சுல்தானில் உள்ள பழைய கடைவீடுகளுக்கு அடியில் சென்றது. அந்த நிலங்கள் கையகப்படுத்தப்படும் என்ற செய்தி வந்ததும் உரிமையாளர்களும் மரபுடைமை ஆர்வலர்களும் எதிர்த்தனர். வரைபடத்தில் அது ஒரு கோடு. அவர்களுக்கோ அது பிழைப்பும் ஊரின் வரலாறும்.

திட்ட மேலாளர்கள் ஒவ்வொரு தரப்பையும் பற்றி இரண்டு கேள்விகள் கேட்பார்கள். இவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு? எவ்வளவு அக்கறை? தனியொரு கடைக்காரருக்குச் செல்வாக்கு குறைவு, அக்கறையோ மிக அதிகம். 'தகவல் சொன்னால் போதும்' என்ற கட்டத்தில் அவரை வைத்துவிடுவது எளிது. ஆனால் கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, நாளிதழ்களும் எழுதத் தொடங்கினால் அந்தச் செல்வாக்கு வளர்ந்துவிடும். எனவே இந்தப் பட்டியலை ஒரு முறை போட்டு மூடிவைக்க முடியாது.

பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2012ஆம் ஆண்டு உரிமையாளர்கள் பலருடன் உடன்பாடு ஏற்பட்டது. நிலம் அவர்களுக்கே, சுரங்கம் அதற்கு அடியில். 2017 ஜூலை 17ஆம் நாள் தடம் முழுமையாகத் திறக்கப்பட்டது.

இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. 'கட்டடம் நிற்கட்டும், நாங்கள் கீழே தோண்டிக்கொள்கிறோம்' என்று வாக்குக் கொடுக்க, தரை உள்வாங்காமல் தோண்டத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கட்டடத்தில் எங்கே விரிசல், எங்கே மூடிய கிணறு என்பதை அங்கேயே வாழ்பவர் அறிந்திருக்கலாம். அவரிடம் பேசினால்தான் அந்த அறிவு நமக்குக் கிடைக்கும்.

மாணவர்களே, உங்கள் கழகம் அடுத்த ஆண்டும் அறிவியல் விழா நடத்தும். அப்போது ஐந்தாம் படிவ மாணவர்கள் பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் போகும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதி வாங்குங்கள். முதல் பக்கத்தில், இந்த ஆண்டு எது தவறியது, ஏன் தவறியது? அடுத்த பக்கத்தில், யாரிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்? மண்டபத்தின் சாவியை வைத்திருக்கும் பாதுகாவலரின் பெயரும் அதில் இருக்கட்டும்.