பிரேக் போட்டும் நிற்காத குட்டி விமானங்கள்: ஈரப்புல் செய்யும் வேலை!

மழையில் நனைந்த வரப்பில் வேகமாக நடந்தால் கால் வழுக்கும். அதே வழுக்கல் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்கு வந்தால்?

இங்கிலாந்தில் குட்டி விமானங்கள் இறங்கும் பல இடங்களில் தார் கிடையாது, சிமெண்ட் கிடையாது. பாபம், ஓல்டு வார்டன் போன்ற ஊர்களில் வெறும் புல்தரைதான் ஓடுபாதை. மழைக்குப் பேர்போன நாடு வேறு. இறங்கிய விமானம் நிற்காமல் சறுக்கி வேலியில் போய் முட்டுவது அங்கே புது சங்கதி அல்ல.

4 பேர் போகும் செஸ்னா 172 எஸ் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். முழு எடையோடு, காற்று வீசாத நேரத்தில், 50 அடி உயரத்தில் இருந்து இறங்கி நிற்க 1,335 அடி போதும் என்கிறது கம்பெனி கையேடு. அது காய்ந்த தார்ப்பாதைக்கு. ஈரப்புல் என்றால் 35 சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம். ஆக, சுமார் 1,800 அடி.

குட்டைப் புல்தான் வில்லன்

புல் வளர்ந்து கிடந்தால்தான் ஆபத்து என்று நினைப்போம். ஆனால் ஒட்ட வெட்டிய புல் நனைந்தால் அதைவிட மோசம். தூரம் 60 சதவீதம் வரை கூடலாம் என்று அதே ஆணையம் எச்சரிக்கிறது. அதாவது 2,136 அடி. இதற்கு மேல் பாதுகாப்புக்காக 1.43-ஆல் பெருக்கினால் 3,000 அடியைத் தாண்டிவிடும்!

காரணம் ரொம்ப சிம்பிள். டயருக்கும் தரைக்கும் நடுவே தண்ணீரும் நசுங்கிய புல்லும் மாட்டிக்கொள்கின்றன. பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே சறுக்கும். மழையில் பைக்கின் பின் பிரேக்கை மிதித்து ஆட்டம் கண்டவர்களுக்கு இது தெரியும். போதாக்குறைக்கு, இறங்கிய வேகத்தில் இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டே இருப்பதால் முழு எடையும் டயர் மேல் வராது. அப்புறம் பிரேக் எங்கே பிடிக்கும்?

வேகத்தோடு வந்தால் இன்னும் சிக்கல். 10 சதவீதம் வேகம் கூடினால், நிற்கத் தேவையான தூரம் 21 சதவீதம் கூடும்.

"சரி, நிற்காவிட்டால் மறுபடி மேலே ஏறிவிடலாமே" என்று கேட்கலாம். பாதி ஓடுபாதை போன பிறகு அதுவும் நடக்காது. ஈரப்புல் சக்கரத்தை இழுப்பதால் மேலே ஏறவும் 30 சதவீதம் கூடுதல் தூரம் வேண்டும். அதனால் விவரமான பைலட்டுகள் இறங்குவதற்கு முன்பே ஓர் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் சக்கரம் தரையைத் தொடவில்லையா, யோசிக்காமல் முழு பவர் கொடுத்து மேலே கிளம்பிவிடுகிறார்கள்.