வெள்ளைக் குதிரையில் வந்தது யார்?



ராத்திரி நேரம். ஊரே உறங்குகிறது. தூரத்தில் குதிரைக் குளம்புச் சத்தம்... டக்... டக்... டக்! விடிந்து பார்த்தால் தப்பு செய்த ஒருவர் இறந்து கிடக்கிறார். "கருப்பு தண்டிச்சிட்டாரு" என்கிறது ஊர். உண்மையிலேயே கருப்பசாமிதானா? இல்லை, வேறு யாராவதா?

இந்தக் கதையின் பெயர் 'விடாது கருப்பு'. வீட்டில் அப்பா, அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கண்கள் விரியும்! 1997, 1998ஆம் ஆண்டுகளில் சன் டிவியில் வந்த தொடர் இது. 'மர்மதேசம்' என்ற வரிசையில் வந்த ஐந்து கதைகளில் ஒன்று. 'ரகசியம்', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' ஆகியவை மற்ற நான்கு.

கதையை எழுதியவர் மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் அவர் மறைந்தார். இயக்கியவர் நாகா. தயாரித்தது இயக்குநர் பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம். பாலசந்தர் யார் தெரியுமா? நம்ம நன்னிலம் பக்கத்தில் 1930இல் பிறந்தவர். சினிமாவுக்குப் போகும் முன் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். ஆக, அவர் நம்ம காவிரிக்கரைக்காரர்!

கதை என்ன?

தோட்டக்காரமங்கலம் என்று ஒரு கிராமம். ஊர்க் காவல் தெய்வம் கருப்பசாமி. தப்பு செய்தவரைக் கருப்பு விடாது என்பது ஊர் நம்பிக்கை. அந்த ஊரில் ஒரு சிறுவனும் அவன் பாட்டியும் வாழ்ந்த காலத்துக் கதை ஒரு பக்கம். அவன் வளர்ந்து பெரியவனான பிறகு நடக்கும் கதை இன்னொரு பக்கம். இரண்டும் மாறி மாறி வரும். சேத்தனும் தேவதர்சினியும் நடித்திருப்பார்கள். முடிவு என்ன? அதை மட்டும் சொல்ல மாட்டேன்!

பயமுறுத்துவது மட்டும் இந்தத் தொடரின் வேலை இல்லை. பேராசை, பொறாமை, பாட்டியின் பாசம், ஒரு சிறுவனின் மனக்காயம் எல்லாம் இதில் உண்டு. "எல்லாம் சாமி செயல்" என்று ஊரே ஒதுங்கிக்கொள்ளும்போது, "எப்படி நடந்தது?" என்று சிலர் துணிந்து கேட்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

எங்கள் ஊரிலும் ஒரு மர்மம்!

அப்போது வெட்டாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு டிவி முன்னால் தெருவே கூடி உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்ப்போம். அடுத்த நாள் வகுப்பில் பாடமா நடக்கும்? கருப்பு பற்றிய பேச்சுதான்!

அந்தத் தை மாதம், கருப்பு கோயில் பக்கமிருந்து இரவில் 'க்ரீ...ச்' என்று ஓர் அலறல் கேட்கத் தொடங்கியது. பிள்ளைகள் மாலையில் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டார்கள். "அது சாக்குருவி. அது கத்தினால் சாவு விழும்" என்றார்கள் பெரியவர்கள்.

என் மாணவன் ஒருவனின் பாட்டி காய்ச்சலில் படுத்திருந்தார். அலறல் அவர் காதிலும் விழுந்தது. "எனக்குத்தான் கத்துது" என்று சொல்லி, கஞ்சி குடிப்பதையே நிறுத்திவிட்டார். அவன் வகுப்பில் தேம்பித் தேம்பி அழுதான். "கல்லால் அடிச்சுக் கொன்னுடலாம் சார்" என்றார்கள் நண்பர்கள்.

"அடிக்கிறது இருக்கட்டும். முதல்ல அது என்னன்னு பார்ப்போம்" என்றேன்.

அன்று மாலை பூசாரியிடம் அனுமதி கேட்டு, டார்ச் லைட்டோடு நான்கு பையன்களை அழைத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நெஞ்சு படபடத்தது! கோயிலை ஒட்டிய இடிந்த மண்டபத்தின் பொந்தில் வெள்ளை முகம் ஒன்று தெரிந்தது. இதய வடிவ முகம், இரண்டு கருப்புக் கண்கள். கூகை! ஆந்தை இனத்துப் பறவை.

தரையில் கருப்பு உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். குச்சியால் பிரித்துப் பார்த்தோம். உள்ளே குட்டிக் குட்டி எலி மண்டை ஓடுகள்!

பூசாரி சிரித்தார். "கருப்பு ஊருக்குக் காவல். இது நம்ம வயலுக்குக் காவல்" என்றார்.

அந்தப் பையன் ஓர் எலும்பைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய்ப் பாட்டியிடம் காட்டினான். பாட்டி முழுசாக நம்பினாரோ என்னவோ! "நம்ம நெல்லைத் தின்ன எலியா?" என்று மட்டும் கேட்டாராம். அன்று இரவு அரை டம்ளர் கஞ்சி குடித்தார். யாரும் கல் எடுக்கவில்லை.

எலித் தொல்லை உள்ள வயல்களில் குச்சி நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரவில் ஆந்தையும் கூகையும் உட்கார்ந்து எலி பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.

பார்ப்பதற்கு முன்...

'விடாது கருப்பு' யூடியூபில் வெளியாகியிருக்கிறது. கொலை, ரத்தம் வரும் காட்சிகள் உண்டு. அதனால் தனியாகப் பார்க்க வேண்டாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். சின்னக் குழந்தைகள் இன்னும் சில வருடம் பொறுத்திருங்கள். தேர்வு நேரத்தில் யாருக்குமே வேண்டாம்!

பார்க்கும்போது ஒரு நோட்டில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்:

1. கண்ணால் பார்த்தது யார்? கேள்விப்பட்டுச் சொல்கிறவர் யார்?

2. இதனால் யாருக்கு லாபம்?

3. ஊர் பயந்து நிற்பதால், பழி சுமப்பது யார்?

சாமி கும்பிடுவது வேறு, பயந்து நடுங்குவது வேறு. பயத்தில் நாம் எறியும் கல், பெரும்பாலும் ஒரு தப்பும் செய்யாத கூகையின் மேல்தான் விழும். இனி ராத்திரியில் ஏதாவது சத்தம் கேட்டால் போர்வைக்குள் நடுங்காதீர்கள். விடிந்ததும் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்!