கருவின் பாலினமும் தாய்மீதான பழியும்

சேர்வராயன் மலையும் ஏற்காடும் அடங்கிய சேலம் மாவட்டத்தில், பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் பொருட்டுத் தமிழக அரசு 1992ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் மகவை வெறுக்கும் மனநிலையின் மற்றொரு வெளிப்பாடு, அதனைப் பெற்ற தாயைப் பழித்தல். இதற்கு இனப்பெருக்க உயிரியலில் ஆதாரமில்லை.

மனித உடற்செல்லிலுள்ள 23 இணைக் குரோமோசோம்களுள் ஓர் இணை பாலினம் சார்ந்தது; அது பெண்ணிடம் எக்ஸ் எக்ஸ் எனவும், ஆணிடம் எக்ஸ் ஒய் எனவும் அமையும். இனச்செல்கள் உருவாகும்போது இவ்விணை பிரிகிறது. ஆதலால் அண்டம் எக்ஸ் குரோமோசோமையே பெறுகிறது. விந்தணுக்களுள் ஏறத்தாழப் பாதி எக்ஸையும் எஞ்சியவை ஒய்யையும் பெறுகின்றன. அண்டத்துடன் இணையும் விந்தணு எக்ஸ் உடையதாயின் பெண் கருவும், ஒய் உடையதாயின் ஆண் கருவும் உருவாகும்.

எனவே பாலினத்தை வேறுபடுத்தும் கூறு தந்தைவழி வருவது. எனினும் அவரது விருப்பத்திற்கு உட்பட்டதன்று. இருவரும் பழிக்குரியரல்லர், பெண் பிறப்பு பழிக்குரியதுமன்று.