விசைகளை இடம் மாற்றுவோர்

கைக்கருவிகளின் கதை – 11

கள்ளக்குறிச்சியின் கம்ப்யூட்டர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேம்பேடை வாங்கிச் சென்று, அதைத் தன் லேப்டாப்பில் பொருத்தி, மௌஸுக்கென்றே படைக்கப்பட்ட ஒரு விளையாட்டை அதைக்கொண்டு ஆட விழையும் இளைஞன் முதலில் அடைவது ஏமாற்றமே. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் பிரசித்தி பெற்ற விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999-இல் வெளிவந்தபோது, படைகளைச் சுட்டவும் ஏவவும் மௌஸ், கட்டளைகளைச் சுருக்கமாக இடக் கீபோர்டு என்றே அதை ஆக்கியோர் நிச்சயித்திருந்தனர். 2013-இல் அது புதுப்பொலிவோடு மீண்டும் வந்தபோதும் அந்த நிச்சயம் தளரவில்லை. ஆயினும் அதனைக் கேம்பேடிலேயே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கோ முகமறியாத ஒருவர், தம் சொந்த சௌகரியத்துக்காக, இன்ன பட்டன் இன்ன வேலை செய்க என்று பொறுமையுடன் வகுத்து, அவ்வமைப்பை எல்லோரும் எடுத்தாளும்படி வைத்துவிட்டுப் போயிருப்பதே அதற்குக் காரணம்.

இந்தச் சம்பிரதாயம் பெருகியதற்கு ஒரு நிர்ப்பந்தமே மூலம். வால்வ் நிறுவனம் 2015 நவம்பரில் ஸ்டீம் கன்ட்ரோலர் என்ற சாதனத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. வட்டமான தொடுதளங்கள் இரண்டைப் பதித்த அக்கருவியை அதற்கு முன் பிறந்த விளையாட்டுகள் அறியமாட்டா. ஒவ்வொன்றுக்கும் தானே அமைப்பு எழுதுவதோ எந்த நிறுவனத்தாலும் ஆகாத காரியம். ஆகவே ஆடுவோரே எழுதட்டும், எழுதியதைப் பகிரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டனர். 2019-இல் அக்கருவியின் உற்பத்தி நின்றுபோயிற்று. கதவு மட்டும் மூடப்படவில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களுக்கு அது முன்பே விரிந்திருந்தது; பின்னர், 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கும் விரிந்தது.

வால்வின் விளையாட்டுத் தளமான ஸ்டீமில் ஒரு விளையாட்டின் கன்ட்ரோலர் அமைப்புகளைத் திறந்தால், ஆக்கியோர் சிபாரிசு செய்வது, பொது மாதிரிகள், பயனர்கள் வகுத்தவை என்று அவை வகைவகையாகக் கிடக்கும். மூன்றாவது வகையில்தான் ரசம் இருக்கிறது. நல்ல அமைப்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், வலக் குச்சி மௌஸாகிச் சுட்டியை நகர்த்துவதும், விரலடியில் உள்ள இரண்டு விசைகள் இடச் சொடுக்கும் வலச் சொடுக்கும் ஆவதும், நாற்றிசைப் பட்டன் படைப்பிரிவுகளின் எண்களை ஏற்பதும், தோள்பட்டன் ஒன்றை அழுத்திப் பிடித்த மாத்திரத்தில் ஏனைய பட்டன்கள் அனைத்தும் வேறொரு தொழிலுக்கு மாறி, விட்டதும் பழைய தொழிலுக்கே திரும்புவதும் புலப்படும். பத்துப் பதினைந்து பட்டன்களுக்குள் ஒரு கீபோர்டை அடக்கும் வித்தை அதுவே. எதை விரலுக்கு அருகில் வைப்பது, எதை இரண்டு பட்டன்களின் சேர்க்கைக்குத் தள்ளுவது என்னும் விவேகம், விளையாட்டை நெடுநாள் ஆடியவருக்கே வாய்க்கும். பலர் எடுத்தாண்டது என்பதாலேயே ஓர் அமைப்பு உத்தமமானது என்று நம்பிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். முதலில் வந்தது என்பதற்காகவே முன்வரிசையில் வீற்றிருக்கும் அமைப்புகளும் உண்டு. தொடுதளத்துக்காக எழுதியதைக் குச்சிக்கு இட்டால் சுட்டி தள்ளாடும். ஆதலின் தம் கருவிக்கே எழுதப்பட்டதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

கல்வராயன் மலைக்குச் செல்வோருக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு பல ஜிபி கனமுடையது. அமைப்போ சில கிலோபைட் எழுத்துக்குள் அடங்குவது. எனினும் வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர்களில் சிக்னலின் தயவை நம்பி அச்சிறு கோப்புக்காகவும் காத்திருப்பதைவிட, கள்ளக்குறிச்சியிலேயே அதைத் தேர்ந்து இறக்கி, ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு மலையேறுவது உசிதம்.

இவ்வியவகாரம் தமிழருக்குப் புதிதன்று. தட்டச்சுப்பொறியின் உலோக விசைகளை வாங்கியவர் இடம் மாற்ற முடியாது. அதனால் அவ்வரிசை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளின் வழியாகவும் லோயர், ஹையர் பரீட்சைகளின் வழியாகவும் தலைமுறைகளின் விரல்களில் ஊறிப்போயிற்று. கணினி வந்ததும் விசைகள் விடுதலை பெற்றன. ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் பாமினி என்னும் விசைவரிசையைப் பற்றினர். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல், ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழ் பெறும் வழியைப் பரப்பியது. மேற்சொன்ன விளையாட்டு வெளிவந்த அதே 1999-இல், பிப்ரவரி மாதம் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்த தமிழ்99 வரிசையை அரசு ஜூனில் அங்கீகரித்தது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில், புள்ளியைத் தானே இட்டுக்கொண்டு 'அம்மா' வந்து நிற்கும் அதன் சாமர்த்தியத்தை நான் எல்லோரிடமும் புகழ்கிறேன். என் விரல்கள் என்னவோ பழைய தட்டச்சு வரிசையை விட்டபாடில்லை.

அரசாணைக்கு விரல்கள் கீழ்ப்படியவில்லை. இந்நிலையில் முகுந்தராஜ் வெளியிட்ட எ-கலப்பை என்னும் தட்டச்சு மென்பொருள் செய்த உபகாரம் பெரிது. லாவோ மொழிக்காக மார்க் டர்டின் 1993-இல் தொடங்கிய கீமேன் என்னும் மென்பொருளின் மேல் எழுந்த அது, தமிழ்99, அஞ்சல், பாமினி ஆகியவற்றுள் எதையும் ஒதுக்காமல், வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொள்ள இலவசமாக வழங்கியது. கைகளைத் திருத்த முற்படாமல் கைகளுக்கேற்ப விசைகளைத் திருத்திய அந்தப் போக்கையே கேம்பேட் அமைப்புகளிலும் காண்கிறேன்.

அந்த அமைப்புகளுள் எனக்கு மிகவும் உயர்ந்தவையாகத் தோன்றுபவை, ஒரு கையால் மட்டுமே ஆடக்கூடியவர்களுக்காக வகுக்கப்பட்டவை. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் பெரிய பொத்தான்களையும் வெளிவிசைகளைச் செருகும் துளைகளையும் கொடுத்தது. எந்தத் துளைக்கு எந்தக் காரியம் என்பதை அவரவர் தேகநிலை அறிந்து அவரவரே வகுக்கவேண்டியிருந்தது.

ஆகையால், அமைப்பைப் பகிர முன்வரும் கள்ளக்குறிச்சி இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தக் கருவிக்கு எழுதியது, எந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்கவேண்டும், விளையாட்டின் செட்டிங்கில் எதை மாற்றவேண்டும், இடக்கைக்காரருக்கு ஆகுமா என்று நாலு வரி விளக்கம் எழுதிச் சேர்த்துவிடுங்கள். 'புதியது', 'புதியது 2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயரிட்டு, உள்ளே ஒரு சொல்லும் எழுதாமல் விட்ட அமைப்புகள் இப்போதே போதுமான அளவு இருக்கின்றன.