புற்றுநோயும் இரத்தக் கட்டியும்: ரிப்போர்ட் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?



மஹரகமைக்கும் கண்டிக்கும் பதுளைக்கும் போய்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வரும் நம்மவர்கள், கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த இரத்த ரிப்போர்ட்டை எங்களிடம் நீட்டி, "ஐயா, இதுல என்னா போட்டிருக்கு?" என்று கேட்பது வழக்கம். இந்த முறை அதைப் பற்றித்தான் எழுதுகிறோம். அதற்கு முன் நாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு, வாய்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் மனைவி, காலைப் பெரட்டு முடிந்த நேரம் எங்களிடம் ஓடி வந்தார். "ஐயா, அவருக்குத் தேத்தண்ணி கோப்பைய புடிக்க முடியல. பேச்சும் கொழறுது" என்றார். மருந்து ஏற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. "மருந்து ஏத்துனா அப்புடித்தாம்மா இருக்கும். கஞ்சி குடுத்துப் படுக்க வைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பின்னேரம் லயத்துக்குப் போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. லொறி பிடித்து ஆஸ்பத்திரி சேர்க்கும்போது இருட்டிவிட்டது.

அது மருந்தின் களைப்பு அல்ல, பாரிசவாதம். மூளைக்குப் போகும் நாடியில் இரத்தம் கட்டியாகி அடைத்துவிட்டது. அவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் வலது கை இன்னும் விளங்கவில்லை. புற்றுநோய்க்காரருக்கு இப்படியும் வரும் என்று அன்றைக்கு நாங்கள் அறிந்திருந்தால் அந்தக் காலை நேரம் வீணாகியிருக்காது. நீங்களாவது அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாடியும் நாளமும்

டாங்கியிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது பைப். பாவித்த தண்ணீரைக் கொண்டுபோவது கான். உடம்பிலும் அப்படித்தான். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி. திரும்பக் கொண்டுவருவது நாளம்.

கான் அடைத்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். காலில் உள்ள நாளம் அடைத்தால் அதுபோல அந்தக் கால் வீங்கி வலிக்கும். அந்தக் கட்டி பிய்ந்து சுவாசப்பைக்குப் போனால் திடீரென்று மூச்சு முட்டும். பைப் அடைத்தால் லயத்துக்குத் தண்ணீரே வராது. நாடி அடைத்தாலும் அதுதான் நிலை: மூளைக்குப் போவது அடைத்தால் பாரிசவாதம், இருதயத்துக்குப் போவது அடைத்தால் மாரடைப்பு, கைகாலுக்குப் போவது அடைத்தால் அந்த உறுப்பு வெளிறிக் குளிர்ந்து தாங்க முடியாத வலி எடுக்கும்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காயம் பட்டால் இரத்தம் உறைவது நம்மைக் காப்பாற்றத்தான். ஆனால் புற்றுநோய்க் கலங்கள் காயம் இல்லாமலே இரத்தத்தை உறையச் சொல்லும் பொருட்களை வெளிவிடுகின்றன. இரத்தத்தில் உள்ள சிறுதட்டுக்களையும் அவை உசுப்பி விடுகின்றன. சில மருந்துகள் இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்தும். வாய், சுவாசப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் அப்படிப்பட்ட ஒன்று. அதற்காக அந்த மருந்தைக் கண்டு பயந்து நிறுத்திவிடக் கூடாது. நோயை அடக்குவதும் அதுதான்.

இந்தச் சம்பந்தம் புதிதாகக் கண்டது அல்ல. பாரிஸ் நகரத்து வைத்தியர் துரூசோ, புற்றுநோய்க்காரருக்கு நாளங்களில் இரத்தம் கட்டியாவதை 1865 இல் எடுத்துச் சொன்னார். பிறகு தன் உடம்பிலேயே அப்படி ஒரு கட்டியைக் கண்டு, தனக்கும் புற்றுநோய்தான் என்று தெரிந்துகொண்டார். 1867 இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

நாடி அடைப்பைப் பற்றிய பெரிய கணக்கு பிந்தித்தான் வந்தது. அமெரிக்காவில் 66 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் செய்து 2017 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புற்றுநோய் என்று தெரிந்து முதல் 6 மாதத்துக்குள் 100 பேரில் 4.7 பேருக்கு மாரடைப்போ பாரிசவாதம் போன்ற நாடி அடைப்போ வந்தது. புற்றுநோய் இல்லாதவர்களில் அது 2.2 பேர். சுவாசப்பைப் புற்றுநோய்க்காரரில் 8.3 பேர். ஒரு வருடம் ஆகும்போது இந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆகவே கூடுதலாகக் கண் வைக்க வேண்டியது முதல் மாதங்களில்.

ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது?

மருந்து ஏற்றுமுன் எடுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் மூன்று கணக்கு முக்கியம்.

சிறுதட்டுக்கள்: சாதாரணமாக 150,000 முதல் 450,000 வரை இருக்கும். கூடினால் இரத்தம் கட்டியாக வாய்ப்பு கூடலாம். மிகவும் குறைந்தால் இரத்தம் கசியப் பார்க்கும். மருந்து ஏற்றிய பிறகு இது குறைவது சாதாரணம்.

வெள்ளணுக்கள்: கிருமி தொற்றினாலும் கூடும், புற்றுநோயாலும் கூடும்.

ஹீமோகுளோபின்: இரத்தச்சோகை இருந்தால் குறையும். கொழுந்தெடுக்கும் நம் பெண்கள் பலருக்கு நோய் இல்லாமலே இது குறைவாக இருப்பதை நாம் அறிவோம்.

மருந்து தொடங்குமுன் சிறுதட்டு 350,000 அல்லது அதற்கு மேல், வெள்ளணு 11,000க்கு மேல், ஹீமோகுளோபின் 10க்குக் கீழ் என்று இருந்தால், அதோடு எந்த இடத்துப் புற்றுநோய், உடம்பு பருமனா என்பதையும் சேர்த்துப் புள்ளி போடும் ஒரு முறையை 2008 இல் அமெரிக்காவில் வகுத்தார்கள். ஆனால் அது நாளத்தில் வரும் கட்டிக்காக வகுத்தது. நாடி அடைப்பை அதை வைத்து முடிவு செய்வதில்லை.

டீ-டைமர் என்று இன்னொரு பரிசோதனை உண்டு. உறைந்த இரத்தம் கரையும்போது உதிரும் துகள்களை அது அளக்கும். இது கூடியிருந்தால் உடம்பில் எங்கோ உறைவதும் கரைவதும் நடக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று அது சொல்லாது. காய்ச்சல், சத்திர சிகிச்சை, கர்ப்பம், வயது, புற்றுநோய் இவை எல்லாவற்றாலும் அது கூடும்.

இந்த ஆளுக்கு நாடி அடைக்கும், இந்த ஆளுக்கு அடைக்காது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் ஒரு தனி இரத்தப் பரிசோதனை இன்றுவரை வழக்கத்தில் இல்லை. ஆகவே ரிப்போர்ட் கூடியிருந்தால் ஒடிந்துபோக வேண்டாம். நல்லாயிருந்தால் அசட்டையாக இருக்கவும் வேண்டாம். வியன்னா நகரத்தில் 1,880 புற்றுநோய்க்காரரைப் பார்த்து 2018 இல் வெளியிட்ட ஆய்விலும், நாடி அடைப்பு கூடுதலாகக் கண்டது வயது போனவர்கள், ஆண்கள், பிரஷர் உள்ளவர்கள், புகைப்பவர்கள், சுவாசப்பை அல்லது சிறுநீரகப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோரிடம்தான். இதில் பிரஷரும் புகையும் நம் கையில் இருக்கிறவை.

நாம் செய்யக்கூடியது

"பெரிய வருத்தம் வந்துட்டுது, இனி இந்தச் சின்ன வில்லை எதுக்கு?" என்று பிரஷர், சீனி மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். பீடி, சுருட்டு, சிகரட், புகையிலை போட்ட வெற்றிலை எல்லாவற்றையும் விடுங்கள். புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் முடிவு சொல்லியிருக்கிறது. வாந்தி, பேதி நிற்காமல் தண்ணீர் உள்ளே தங்கவில்லை என்றால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று அஸ்பிரின் வாங்கிக் கொடுக்காதீர்கள். பாரிசவாதம் நாடி அடைப்பதாலும் வரும், நாடி வெடித்து இரத்தம் கசிவதாலும் வரும். எது என்று ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். சிறுதட்டு குறைந்த ஆளுக்கு அஸ்பிரின் ஆபத்தாக முடியலாம்.

கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். "எனக்குப் பிரஷர் இருக்குது, இந்த மருந்துக்கு இரத்தம் கட்டியாகுமா? எந்த அடையாளம் கண்டா உடனே வரணும்?" என்ற இரண்டு கேள்வி போதும்.

இந்த அடையாளங்களைக் கண்டால்

சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலே போதும், பாரிசவாதம் என்றே எண்ணுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை மாரடைப்பின் அடையாளம். பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமல் மூச்சு வாங்குதலும் களைப்பும் குமட்டலும் மட்டும் இருக்கலாம். மருந்தின் களைப்பு மெதுவாக வந்து உடம்பு முழுக்க இருக்கும். திடீரென்று வந்தாலோ ஒரு பக்கம் மட்டும் என்றாலோ அதை மருந்தின் தலையில் போடாதீர்கள்.

உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஒருவரை ரோட்டில் நிறுத்துங்கள். பாரிசவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடங்கி 4½ மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. புற்றுநோய்க்காரர் எல்லோருக்கும் அதைப் போட முடியாது, டொக்டர்தான் தீர்மானிப்பார். ஆனால் நேரம் கடந்துவிட்டால் அவருக்கும் தீர்மானிக்க ஒன்றும் இருக்காது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களிடம் கேட்டது இரண்டு விஷயம். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்? என்ன மருந்து ஏற்றினார்கள்? முதலாவதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் இருந்த கொப்பி லயத்தில் பெட்டிக்குள் கிடந்தது. ஆகவே கிளினிக் கொப்பியையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். ஆளுக்கு மாற்றம் கண்ட நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

காலைப் பெரட்டு நேரமானாலும் சரி, நடுராத்திரியானாலும் சரி, எங்கள் கதவைத் தட்டுங்கள். "படுக்க வைங்க" என்று இனி ஒருவருக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம்.